இஞ்ஞாசியம்மாள் அழிக்க விடாத வரி

எனக்கு இஞ்ஞாசியம்மாள மொதல்ல கண்டாலே ஆகாது. இத மறைச்சு என்ன ஆகப்போகுது. இன்னைக்கு அவுக பேர யாராச்சும் எடுத்தா நிமிந்து உக்காருவேன். அப்ப அப்பிடி இல்ல. அவுக எங்க கம்ப்யூட்டர் ரூமு பக்கம் வாரது தெரிஞ்சாலே, டீ குடிக்கப் போறேன்னு நழுவிருவேன்.

நான் நூர் அகமது, திண்டுக்கல் பேகம்பூர். வேடசந்தூர் ரோட்டுல ஒரு நூல் மில்லு. தொண்ணூத்தி நாலுலருந்து அங்க கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்புன்னா பெருசா நெனச்சுக்கிற வேணாம். அஞ்சு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, ஏசிக்காகவே ஏதாச்சும் சாக்குச் சொல்லி வந்து உக்காருற ஆபீசருங்க. என் ராஜ்ஜியம் அவ்வளவுதான்.

அடுத்த வருசம் இஞ்ஞாசியம்மாள் லேப்ல கிளார்க்கா வந்து சேந்தாக. அப்ப அவுகளுக்கு முப்பத்தெட்டு வயசிருக்கும், என்னைய விட நாலு வயசு மூப்பு. புருசன் இல்ல, ஒரே மக. லேப்ல நூலோட பருமனையும் பலத்தையும் சோதிப்பாக, மெஷின் ஒரு சீட்டத் துப்பும், சீட்டுல இருக்குற நம்பர எழுதி வைக்கிறது இவுக வேல. அதுக்கு முன்னாடி ஒரு கிராமத்துப் பங்குக் கோயில்ல பதினாலு வருசம் சாமியாருக்கு எழுத்து வேல பாத்தவுக. யாருக்கு என்னைக்கு ஞானஸ்நானம், யாருக்கும் யாருக்கும் கல்யாணம், எல்லாத்தையும் பெரிய பெரிய புத்தகத்துல ஏத்துற வேல. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

அந்தக் கையெழுத்துல ஒரு பழக்கம். தப்பா எழுதிட்டா ரப்பர் போட மாட்டாக, வெள்ள மையும் பூச மாட்டாக. தப்பு மேல ஒத்தக் கோடு. கீழ இருக்குற எழுத்து வாசிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுருவாக. கோயில் புத்தகத்துல அப்பிடித்தானாம், எதையும் சொரண்டக் கூடாதாம், திருத்தம்னா ஓரத்துல எழுதி சாமியார் கையெழுத்துப் போடணுமாம். சரி, கோயிலுக்கு அது சரி. இவுக லீவு லெட்டர்லயும் அப்பிடித்தான் திருத்துவாக. இஞ்ஞாசியக்கா வீட்டு வெஞ்சனத்துல உப்பு கூடிப்போனா சட்டி ஓரத்துல கையெழுத்து இருக்கும்னு கேன்டீன்ல நான்தான் கிளப்பி விட்டேன். அவுக காதுக்கும் போச்சு. "தேதியும் போடுவேன் பாய்"னு சொல்லிட்டுப் போயிட்டாக.

இன்னொண்ணும் அப்பவே பாத்திருக்கேன். கேட்டுல வீரன்னு ஒரு வாட்ச்மேன். இவுக வந்த மறு வருசம் வேலைக்கு வந்தவன், முப்பது வயசு கூட இருக்காது. மில் பஸ்ஸுல எறங்குற ஒவ்வொருத்தர் பேரையும் நேரத்தையும் நோட்டுல எழுதுவான். எனக்கு சலாம் வைப்பான், வாசல் கூட்டுற பொம்பளைககிட்ட கூட சிரிச்சுப் பேசுவான். இஞ்ஞாசியம்மாள் தெனமும் வரும்போதும் "வந்துட்டேன் வீரா"ம்பாக, போகும்போதும் "வாரேன் வீரா"ம்பாக. அவன் தலையத் தூக்கவே மாட்டான். நேரத்த மட்டும் எழுதுவான். ஏதோ ஊருப் பக, நமக்கெதுக்குன்னு நான் விட்டுட்டேன்.

ரெண்டாயிரத்து ரெண்டுல மொதலாளிக்கு ஒரு ஆச வந்துச்சு. அவருக்கு மூணு மில்லு. மூணுலயும் இருக்குற விவரத்தையெல்லாம், பஞ்சு வாங்குனதுலருந்து நூலு போனது வரைக்கும், ஒரே எடத்துல சேக்கணும், அஞ்சு வருசம் கழிச்சுக் கேட்டாலும் எடுத்துக் குடுக்கணும். அதுக்குப் பேரு டேட்டா வேர்ஹவுஸ். வேர்ஹவுஸ்னதும் கேட்டுல வீரன், "எந்த எடத்துல கட்டுறாக பாய், லாரி எந்தப் பக்கமா வரும்?"னு கேட்டான். கம்ப்யூட்டர்ப் பொட்டிக்குள்ள கட்டுறோம்டானு சொன்னேன். நம்பல.

வேலைய நான் இப்பிடி யோசிச்சு வச்சிருந்தேன். தெனமும் சாயந்திரம் ஒவ்வொரு செக்‌ஷன்லருந்தும் நம்பரெல்லாம் பெரிய பொட்டிக்கு வரும். நேத்து வந்த நம்பரு இன்னைக்கு மாறி வந்தா, பழசு மேல புதுசு உக்காந்துரும். சுத்தமா இருக்கும், எடமும் மிச்சம். இத மீட்டிங்ல வெளக்கிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டுனாக. சாப்பாட்டு நேரத்துல இஞ்ஞாசியம்மாள் தூக்குச்சட்டியோட என் ரூமுக்கு வந்தாக.

"பாய், ஒரு நம்பர் தப்பா ஏறிருச்சு, ரெண்டு நா கழிச்சுத் திருத்துறோம்னு வைங்க. பழைய நம்பரு எங்க போகும்?"

"எங்கயும் போகாது, அழிஞ்சிரும். அதான் திருத்தியாச்சேக்கா."

"அது தப்பா இருந்த ரெண்டு நாளு?"

"அதுக்கென்ன?"

"அந்த ரெண்டு நாளுல அத நம்பி யாராச்சும் ஒரு காரியம் செஞ்சிருந்தா? பெறகு பாக்குறவுக, சரியான நம்பர் இந்தா இருக்கே, இத வச்சுக்கிட்டு ஏன் இப்பிடிச் செஞ்சேன்னு கேப்பாகல்ல. அவுக என்னத்தச் சொல்லுவாக?"

நூல் மில்லுல அம்புட்டுத் தூரம் யாரும் கேக்க மாட்டாகன்னு சொன்னேன். பொட்டியில எடம் பத்தாதுன்னேன். ரிப்போர்ட் மெதுவா வரும்னேன். எல்லாத்துக்கும் "சரி பாய்"ம்பாக, மறுநா மத்தியானம் அதே தூக்குச்சட்டி, அதே கேள்வி. எட்டு நாளு. ஒம்பதாம் நாளு எனக்குப் பொறுமை போயிருச்சு. உங்க தொல்லைக்காகவே செய்றேன், ஆள விடுங்கன்னு கத்திட்டேன். அவுக கோவிச்சுக்கல. உக்காந்து அரைக்கீர மசியல்ல பாதிய எனக்கு வச்சாக.

செஞ்சது இதுதான். எந்த வரியையும் அழிக்கிறதில்ல. ஒரு நம்பரு மாறுனா, பழைய வரி கீழ இருக்கும், புது வரி மேல வரும். ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு வகை தேதி. சோதன நடந்தது என்னைக்கு, அது ஒண்ணு. இந்த நம்பரத்தான் நெசம்னு நாம என்னையிலருந்து என்னைக்கு வரைக்கும் நம்புனோம், அது இன்னொண்ணு. கடைசிக் கட்டத்துல, ஏத்துனவுக பேரு. அந்தக் கடைசிக் கட்டமும் இஞ்ஞாசியம்மாள் கேட்டு வாங்குனதுதான். ஆபீசருங்க பாக்குற ரிப்போர்ட்ல மேல இருக்குற வரி மட்டும் தெரியும். கீழ கெடக்குறத யாரும் கேக்கல, நானும் சொல்லல. ரெண்டு வருசம் அது பாட்டுக்குச் சேந்துக்கிட்டே இருந்துச்சு. பொட்டி நெறையுற வேகத்தப் பாத்து மாசத்துக்கு ஒரு தடவ அந்தம்மாவ மனசுக்குள்ள வஞ்சுக்குவேன்.

ரெண்டாயிரத்து நாலு செப்டம்பர் நடுவுல ஒரு புகாரு வந்துச்சு. நம்ம நூல வாங்குன நெசவு ஆளுங்க, துணி பூரா பட்ட பட்டையா விழுந்திருக்குன்னு ஒரு கட்டுத் துணியவே அனுப்பி வச்சிட்டாக. நாப்பதாம் நம்பர் நூல்னு போன லாட்டுல பருமன் தப்பு. லாட் நம்பர் 2217. சீட்ட எடுத்துப் பாத்தாக, முப்பத்தேழு புள்ளி எட்டு. ஸ்கிரீன்லயும் அதே முப்பத்தேழு புள்ளி எட்டு. முப்பத்தொம்பதுக்குக் கீழ போனா அந்த நூலு வெளிய போகவே கூடாது. போயிருக்கு. பாஸ்னு முத்திர குத்துனது பேக்கிங்ல இருந்த ஒச்சாயி.

ஒச்சாயி அய்யலூர்ப் பக்கம். ஏழு வருசம் தற்காலிகமா இருந்து, ஆறு மாசத்துக்கு முன்னாடிதான் நிரந்தரம்னு ஆர்டர் வாங்குனவ. புருசனுக்குக் கால் சரியில்ல, நாலு ஆட்ட வச்சுக்கிட்டு வீட்டோட இருக்காரு. தரத்துல கோளாறு பண்ணுனான்னு ஒரு மில்லு அனுப்புனா, அந்த ரோட்டுல இருக்குற வேற எந்த மில்லும் உள்ள விடாது. அது எல்லாருக்கும் தெரியும்.

விசாரிச்சது ஸ்பின்னிங் மாஸ்டர் நாச்சிமுத்து. ஒட்டன்சத்திரத்துக்காரர், கொரலே ஒசராது. வேலைய விட்டு அனுப்புறதயும் "வாங்க, உக்காருங்க"ங்கிற தொனியிலயே சொல்லுவாரு.

"ஏனுங்கம்மா, இந்த நம்பரப் பாத்துமா பாஸ் போட்டீங்க?"

"அன்னைக்கு இந்த நம்பர் இல்லைங்கய்யா. முப்பத்தொம்பது புள்ளி எட்டுன்னு இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. வியாழக்கிழமை, சந்தை நாளு. கிடாய ஓட்டிட்டு எங்க வீட்டுக்காரரு அய்யலூர்ச் சந்தையில நின்னுக்கிட்டிருந்தாரு. நான் பர்மிசன் போட்டுட்டு ஒம்பது மணிக்குக் கெளம்பணும். போற அவசரத்துல ஏதும் விட்டுறக் கூடாதுன்னே ரெண்டு தடவ பாத்தேன்."

பாவி மக, வாயக் குடுத்து மாட்டிக்கிட்டா. நாச்சிமுத்து அதத்தான் எழுதிக்கிட்டாரு, சந்தைக்குப் போற அவசரம்னு. முன்னயெல்லாம் லேப்லருந்து பேக்கிங்குக்கு ஒரு தாளு போகும், அதாச்சும் சாட்சியா இருந்திருக்கும். அந்த வருசந்தான் தாளு வேணாம், ஸ்கிரீன்லயே பாத்துக்கலாம்னு நிறுத்துனோம். நிறுத்தச் சொன்னது நான். ஒச்சாயிய வீட்டுல இருக்கச் சொல்லிட்டாக. புதன்கிழமை முடிவு.

திங்கக்கிழமை மத்தியானம் இஞ்ஞாசியம்மாள் வந்தாக. கையில தூக்குச்சட்டி இல்ல.

"பாய், கீழ கெடக்குறத எடுங்க."

எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. ரெண்டு வருசமா சேத்து வச்சதக் கையில வச்சுக்கிட்டே மூணு நாளு மரம் மாதிரி உக்காந்திருந்திருக்கேன். லாட் நம்பரப் போட்டேன். பொட்டி முக்கி மொனகி ரெண்டு வரியத் தந்துச்சு.

ரெண்டு வரிக்கும் சோதன நாளு ஒண்ணுதான், ஆகஸ்ட் பதினொண்ணு, புதன். மொத வரி, முப்பத்தொம்பது புள்ளி எட்டு. புதன் சாயந்திரத்துலருந்து சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அதுதான் நெசம்னு இருந்திருக்கு. ரெண்டாவது வரி, முப்பத்தேழு புள்ளி எட்டு. சனிக்கிழமை லேப்ல சீட்டையும் ஸ்கிரீனையும் ஒத்துப் பாத்த ஆளு சத்தமில்லாமத் திருத்திட்டுப் போயிருக்கான். ஒச்சாயி பாத்தது வியாழக்கிழமை காலையில. ரெண்டு தடவ என்ன, இருவது தடவ பாத்திருந்தாலும் அவளுக்கு முப்பத்தொம்பதுதான் தெரிஞ்சிருக்கும்.

எனக்கு சந்தோசம் தாங்கல. ஒச்சாயி தப்பிச்சான்னு சொல்லிக்கிட்டே கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். மொத வரிய ஏத்துனவுக பேரு அதுல இருந்துச்சு. இஞ்ஞாசியம்மாள்.

அவுகளும் பாத்துட்டாக. கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடச்சு மாட்டிக்கிட்டுத் திரும்பவும் பாத்தாக.

"ஏழுக்குப் பதிலா ஒம்பது தட்டியிருக்கேன்"னு சொன்னாக. சொல்லிட்டு பக்கத்துல இருந்த நாக்காலியில உக்காந்தாக.

நான் யோசிக்கவே இல்ல. "அக்கா, கடைசிக் கட்டத்த விட்டுட்டு பிரிண்ட் எடுத்துருவோம். ஒச்சாயிக்கு வேண்டியது நம்பரும் தேதியுந்தான். யாரு ஏத்துனதுன்னு மாஸ்டர் கேட்டா, அது பதிவாகலன்னு நான் சொல்லிக்கிறேன். என் ஒரு வார்த்தைக்கு மேல யாரும் போக மாட்டாக."

பொய் சொல்லத் தயாராத்தான் இருந்தேன். வெக்கமும் இல்ல எனக்கு.

"பயமாத்தான் இருக்கு பாய். மக நர்சிங் ரெண்டாவது வருசம். நான் இங்கருந்து போனா யாரு என்னைய எடுப்பா." அப்பறம் எங்கிட்ட ஒண்ணு கேட்டாக. "நான் ஏன் எட்டு நாளு வந்து ஒங்க உசுர எடுத்தேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீகளா?"

கேக்கலன்னு சொன்னேன்.

"கோயில்ல இருக்கும்போது ஒரு பழைய ஞானஸ்நானப் புத்தகத்தக் கரையான் அரிச்சிருச்சு. சாமியார் புதுப் புத்தகத்துல பாத்து எழுதச் சொன்னாரு. எனக்குக் கையெழுத்து நல்லாருக்குங்கிற பவுசு. ஓரத்துல கன்னாபின்னான்னு கிறுக்கியிருந்ததையெல்லாம் விட்டுட்டு, அழகா, ஒரு அடித்தல் இல்லாம எழுதி முடிச்சேன். எல்லாரும் மெச்சுனாக. பழச எரிச்சுட்டோம். நாலஞ்சு வருசம் கழிச்சு ஒரு பய வந்தான். புத்தகத்துல அவன் பேரு சேவியர். பள்ளிக்கூடத்துச் சான்றுல வேற பேரு. அரசாங்க வேல கெடச்சிருக்கு, ரெண்டும் ஒரே ஆளுன்னு கோயில்லருந்து ஒரு கடுதாசி வேணும்னான். அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. முன்னாடி இருந்த சாமியார் அதத்தான் ஓரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாரு. இன்னாரும் இன்னாரும் ஒருத்தரேன்னு. நான் அத வாசிச்சிருக்கேன் பாய். வாசிச்சும், இப்ப எல்லாருக்குந்தான் தெரியுமே, இது எதுக்கு அசிங்கமான்னு விட்டுட்டேன். அந்தச் சாமியார் எறந்து போயிட்டாரு. புதுச் சாமியார், புத்தகத்துல இல்லாததுக்கு நான் எப்பிடிம்மா கையெழுத்துப் போடன்னுட்டாரு. தேதி முடிஞ்சு போச்சு. வேல போச்சு. நான் விட்டதாலதான்னு அவனுக்கும் தெரிஞ்சு போச்சு."

"அந்தப் பய இப்ப எங்கக்கா?"

"அந்தா, கேட்டுல உக்காந்திருக்கான். பள்ளிக்கூடத்துப் பேரு வீரன்."

நான் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். வீரன் ஒரு பஞ்சு லாரிக்குக் கேட்டத் தொறந்து விட்டுக்கிட்டிருந்தான்.

"மாஸ்டர்கிட்ட கெஞ்சி இந்த வேலைய வாங்கிக் குடுத்ததும் நாந்தான். அது அவனுக்குத் தெரியும். அதனால இன்னும் கோவம். ஒங்க ரெண்டு வரிய என் பேர எடுத்துட்டு வெளிய குடுத்தா, அது திரும்பவும் நான் எழுதுன அந்த அழகான பக்கந்தான் பாய். முழுசா எடுங்க."

எடுத்தேன். பிரிண்ட்ட வாங்கி, தன் பேருக்குப் பக்கத்துல பேனாவுல ஒரு கையெழுத்தும் போட்டு, அன்னைக்குத் தேதியும் போட்டு, அவுகளே மாஸ்டர் ரூமுக்குக் கொண்டு போனாக. நானும் பின்னாடியே போனேன். அந்த மட்டுக்கும் போனேன்.

நாச்சிமுத்து தாளத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஏனுங் நூர் பாய், இந்த மாதிரி ஒண்ணு இருக்குதுன்னு எங்கிட்ட சொல்லவே இல்லைங்களே." சொல்லலதான். அப்பறம் இஞ்ஞாசியம்மாளப் பாத்தாரு. "இதுல உங்க பேரு இருக்குதுங்க, பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் சார்."

அவர் கொரலு அப்பவும் ஒசரல. ஒச்சாயி மறுநாளே வேலைக்கு வரலாம்னாரு. இஞ்ஞாசியம்மாளுக்கு ஒரு வாரம் சஸ்பெண்ட். திரும்பி வந்தா லேப் கெடையாது, நம்பர் ஏத்துற வேல கெடையாது. கழிவுப் பஞ்சு கோடவுன்ல சாக்கு எண்ணுற வேல. நான் ரெண்டு வார்த்த பேசிப் பாத்தேன். துணிக்காரங்களுக்கு யாராச்சும் ஒருத்தரக் காட்டணுமுங்களேன்னாரு. இத்தன வருசத்துல நூறு நூறா, ஆயிரம் ஆயிரமா நம்பர் ஏத்துன கை, ஒரே ஒரு ஏழு தப்பிப் போச்சு.

செவ்வாக்கிழமை காலையில ஒச்சாயி வந்தா. நேரா லேப்புக்குத்தான் போனா. இஞ்ஞாசியம்மாள் மேசையக் காலி பண்ணிக்கிட்டிருந்தாக. நன்றி சொல்றதா, திட்டுறதான்னு அவளுக்கே தெரியல. "ஒங்களாலதானக்கா மூணு நாளு சோறு எறங்கல"ன்னா. "ஆமாத்தா, என்னாலதான்"னாக இவுக. ஒச்சாயி அப்பிடியே அவுக தோளுல சாஞ்சுக்கிட்டா.

ஒருத்தர சஸ்பெண்ட் பண்ணுனா அந்தக் கடுதாசியோட நகலு கேட்டுக்கும் போகும், ஒரு வாரம் உள்ள விடக் கூடாதுல்ல. நகலக் கொண்டு போய்க் குடுத்தது நான். வீரன் கூண்டுக்குள்ள நின்னு வாசிச்சான். "லாட் 2217-க்கு எண்ணைத் தவறாகப் பதிவு செய்தது. பழைய பதிவைத் தாமே முன்வந்து, தம் பெயருடன் கையொப்பமிட்டுக் கொடுத்தது." முடிச்சுட்டுத் திரும்ப மொதல்லருந்து வாசிச்சான். வாசிச்சு, மடிச்சு, நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டான்.

மத்தியானம் இஞ்ஞாசியம்மாள் கெளம்புனாக. ஒரு துணிப்பையில தூக்குச்சட்டி, மாதா படம், ரெண்டு பேனா. நான் பைய வாங்கிக்கிட்டு பஸ் வரைக்கும் கூட நடந்தேன். கேட்டுல வீரன் குனிஞ்சு நேரத்த எழுதிக்கிட்டிருந்தான்.

"வாரேன் வீரா"ன்னாக அவுக. எட்டு வருசமாச் சொன்ன மாதிரியேதான் சொன்னாக, நிக்காம.

வீரன் பேனாவ வச்சுட்டு எந்திரிச்சான். தலையத் தூக்கி அவுகளப் பாத்தான்.

"போயிட்டு வாங்கக்கா."

அவுக நின்னுட்டாக. அவனப் பாத்துத் தலைய ஆட்டுனாக. நடந்து போய் பஸ்ஸுல ஏறி ஜன்னலோரம் உக்காந்து, முந்தானைய வாயில பொத்திக்கிட்டு அழுதாக. நான் பையக் குடுத்துட்டுக் கீழயே நின்னேன். பஸ்ஸு திண்டுக்கல் ரோட்டுல திரும்புற வரைக்கும் வீரன் கேட்டச் சாத்தல.